ஓம், சாப்பிட்டாச்சு

யாழ்ப்பாணம்

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

புத்தளத்தில் வெயில் தணிந்ததா? உங்கள் கால் வீக்கம் வற்றியதா? நான் நல்ல சுகம்.

தொலைபேசியில் சொன்னால் பதறுவீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். நேற்று உடுப்பிட்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைச் சோதிக்கப் போனேன். நான் தனியாகச் செய்த முதல் சோதனை. தரை, கழிவறைக் கைப்பிடி, மருந்து அலுமாரி எல்லாம் சரியாக இருந்தன. பகல் ஒன்றரைக்கு அங்கிருந்த முதியோர் எல்லாரிடமும், "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, சாப்பிட்டாச்சு."

படிவத்தில் சரி போட்டேன். அப்போதுதான் லூர்த்தம்மா என்ற அம்மாவின் கை நடுங்குவதைக் கண்டேன். நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்சுலின் ஊசி பன்னிரண்டுக்கே போட்டாச்சு. சோறுதான் இன்னும் வரேல்லை."

"அப்ப ஏனம்மா சாப்பிட்டாச்செண்டு சொன்னனீங்கள்?"

"வந்த பிள்ளையிட்டைப் பசிக்குதெண்டு சொல்லுறதோ?" அந்த நிலையிலும் சிரித்தார்.

இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று சமையலறைக்கு ஓடிச் சீனி கரைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டார். போட்ட சரியை வெட்டினேன். சோறு மேசைக்கு வந்த பிறகே ஊசி என்று எழுதிப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கினேன்.

இங்கே தலையணை உயரம். பக்கத்து வீட்டு றிஸ்வான் அண்ணை இந்தப் பக்கம் வந்தால் என் பழையதைக் கொடுத்துவிடுங்கள்.

வாப்பா, நீங்களும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். நானும் தினம் அதே கேள்வியைக் கேட்கிறேன், நீங்களும் அதே பதிலைச் சொல்கிறீர்கள். உம்மா மௌத்தாகி நம்மை விட்டுப் போன பிறகு அந்த அடுப்பு எரிகிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. இனி, என்ன கறி என்றுதான் கேட்பேன். யோசிக்காமல் சொல்லவேண்டும்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
ஆஸிகா