பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

டெவன்போர்ட், ஆக்லாந்து
14 மார்ச் 1973

என் மிரியாமாவுக்கு,

நலம்தானே? குட்டிப் பயலுக்குப் பல் முளைத்துவிட்டதா? லீவு முடிந்து வந்து மூன்று நாளாகிறது, கப்பல் இன்னும் கிளம்பவில்லை. எஞ்சின் அறையில் கருவிகள் மாட்டும் பலகையில் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். ஒவ்வொரு கருவிக்கும் அங்கே அதன் உருவம் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தாலும் எஞ்சினை ஓட்ட விடமாட்டார்கள். உள்ளே விழுந்திருந்தால் எல்லாம் போச்சு. எங்கள் சீஃப் மெக்கானிக், "எவன்டா கடைசியா எடுத்தது?" என்று கத்தினார். என் கூட்டாளி டெஸ் கையைத் தூக்கினான். கருவி எடுப்பவர் கையெழுத்துப் போடும் புத்தகத்தில் அவன் கையெழுத்துதான் இருந்தது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

மேல்பயிற்சிக்கு எங்கள் இருவரில் ஒருவர் என்றிருந்ததே, டெஸ்ஸின் பெயரை அடித்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்துவிட்டது, மிரி! முடித்தால் கடற்படைத் தளத்திலேயே வீடு. நீயும் பயலும் என்னோடு இருக்கலாம்.

உன் ரெவி

டோகோமாரு பே
18 மார்ச்

ரெவி,

சந்தோஷமாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. லீவில் நீ போட்டுவிட்டுப் போன அழுக்கு மூட்டையை நேற்றுதான் பிரித்தேன். ஓவரால் பையில் ஒரு ஸ்பேனர். பதினாலு என்று வெட்டியிருக்கிறது.

களைப்பில் மறந்து கொண்டுவந்திருப்பாய், பாவம். உன் அம்மாவிடம்கூட நான் மூச்சு விடவில்லை. வீடு என்றதும் சன்னல் திரைக்குத் துணிகூடப் பார்த்துவிட்டேன், தெரியுமா? ஆனாலும் சிங்கப்பூரில் நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் வேலையையும் சேர்த்துப் பார்த்தவன் டெஸ் என்று நீதானே எழுதினாய்? இதை எப்படி அனுப்பட்டும், உடனே எழுது.

மிரியாமா

டெவன்போர்ட்
22 மார்ச்

மிரி,

அனுப்பாதே. கடலில் போட்டுவிடு. டெஸ்ஸுக்கு இருபத்தாறுதான், இன்னொரு வாய்ப்பு வரும். எனக்கு முப்பத்தொன்று, இனிமேல் எடுக்க மாட்டார்கள்.

உன்னிடம் மறைக்க எனக்கு வரவில்லை. அது என் பையில் இருப்பது ஊருக்கு வரும்போது பஸ்ஸிலேயே தெரியும். திரும்பும்போது எடுத்துவந்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேன், விட்டுவிட்டு வந்துவிட்டேன். லீவுக்குக் கிளம்பிய அன்றைக்கு டெஸ்ஸிடம் "குடுடா, நான் மாட்டிடறேன், நீ போய்க் குளி" என்று வாங்கியதே நான்தான். சீஃப் கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். "நான்தான் எங்கயோ வெச்சுட்டேன் போல, சீஃப்" என்றான்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கடலில் போட்டுவிடு.

ரெவி

டோகோமாரு பே
27 மார்ச்

ரெவி,

பஸ்ஸிலேயே தெரியும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து அடுப்பங்கரையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். "யார் மேலடி இவ்வளவு கோவம்?" என்றார் உன் அம்மா. "உங்க பிள்ள மேலதான்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்று படகுத்துறையின் கோடி வரை நடந்து போனேன். போட மனசு வரவில்லை. ஸ்பேனரை இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். உன் சீஃபுக்கோ டெஸ்ஸுக்கோ நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அது நீ செய்ய வேண்டியது. வீடு வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆசைதான். அதற்காக அழுதும் தீர்த்துவிட்டேன்.

ஈஸ்டர் லீவுக்கு நானும் பயலும் காத்திருப்போம். வரும்போது டெஸ்ஸையும் கூட்டிக்கொண்டு வா. அவன் வரமாட்டேன் என்றால் நீயும் வர வேண்டாம்.

மிரியாமா