கழுவாத ட்ரம்பெட்

நவம்பர் 4, செவ்வாய்
ஈரப்பனி. காலையில் பல் வைத்தியர், பிறகு பயிற்சி.

ரஜீவனின் ட்ரம்பெட்டில் இரண்டாவது வால்வு மறுபடி இறுகுகிறது. உள்ளே ஒரு வருட அழுக்கு. இளஞ்சூட்டு நீரில் ஒரு தரம் கழுவினால் போதும். முடியாது. அவன் செத்த கிழமை அவனுடைய அம்மா சாந்தி அன்ரி அதை என் கையில் தந்தபோது சொன்னது: "கழுவிப்போடாதை தம்பி. உள்ளுக்கை அவன்ரை மூச்சுக் கிடக்கு."

நவ. 5, புதன்
ரஜீவனின் ஜாஸ் குழுவில் இப்போது அவனுடைய இடத்தில் நான். பாஸ் வாத்தியம் வாசிக்கும் யூனாஸ்: "இந்த இடத்தில் அவன் கொஞ்சம் நிற்பான். நீயும் நில்." நின்றேன். அவனுடைய ஒரே இசைத்தட்டு எனக்கு மனப்பாடம், அதில் அவன் இருமுவது உட்பட.

ஹவுகன்ஸ்டுவா பள்ளிக்கூட பாண்டில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தவர்கள் நாங்கள். மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தில் தன்பாட்டுக்கு எதையோ ஊதுவான், ஏச்சு எனக்கும் விழும். பெரியவனானதும் அவனுடைய கீழ்ச்சுரங்களில் பாதி காற்று, பாதி ஒலி. பத்திரிகைக்காரர் அதைக் 'கிழக்கின் சோகம்' என்று எழுத, "எனக்குச் சளியடா" என்று சிரித்தான். இருபத்தெட்டு வயதில் மூளையில் ரத்தக் கசிவு. போய்விட்டான்.

அவனில் எனக்குக் கோபம். செத்தவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

நவ. 6, வியாழன்
பால், வால்வு எண்ணெய், அம்மாவின் மருந்து.

தூரத்து நகரம் பேர்கனிலிருந்து பியானோக்காரி மாரித் போன். தை மாதம் முதல் அவளுடைய குழுவுக்கு வரட்டாம். என்னுடைய வாசிப்புத்தான் வேண்டுமாம்! ஞாயிறு பதில் சொல்ல வேண்டும். சமையலறையில் நின்று துள்ளினேன்.

பிறகு சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. ரஜீவனின் ஆண்டுத் திவசம், மாலையில் கச்சேரி. அன்ரி வழக்கம்போல முதல் வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு. அவரிடம் எந்த வாயால் சொல்வது?

நவ. 7, வெள்ளி
கழுவிவிட்டேன். குளியல் தொட்டியில், சோப்புப் போட்டு. பச்சையாக ஏதோ வந்து ஓடியது. அழுதேன்.

ஊதிப் பார்த்தேன். வால்வு வழுக்கிக்கொண்டு போகிறது. நாளை அதில் என்னுடைய வாசிப்பைத்தான் வாசிப்பேன். அன்ரி ட்ரம்பெட்டைத் திருப்பிக் கேட்கட்டும். கேட்டால் நான் பேர்கனுக்குப் போகலாம்.

நவ. 8, சனி
திவசச் சாப்பாடு. "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் விடுங்கோ." என்றார் அன்ரி.

கச்சேரி. அவன் நிற்கும் இடத்தில் நான் நிற்கவில்லை. அவன் ஒருநாளும் போகாத பக்கமெல்லாம் போனேன். யூனாஸ் திரும்பி முறைத்தான். அன்ரி கண்ணைத் திறந்தார். நிறுத்தவில்லை.

மேடைக்குப் பின்னால் வந்தார். சொல்லிவிட்டேன். "அன்ரி, கழுவிப்போட்டன். இண்டைக்கு வாசிச்சது அவன்ரை இல்லை, என்ரை."

ஏசவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"தெரியுமடா. ஒரு வருசமாப் பழசையே வாசிச்சனீ. இண்டைக்குத்தான் என்ரை பிள்ளை வளந்திருக்கிறான். இருந்திருந்தா இப்ப இப்பிடித்தான் வாசிச்சிருப்பான். இனியும் எப்பிடியெப்பிடி வாசிப்பான் எண்டு நான் கேக்கவேணும்."

நவ. 9, ஞாயிறு
மழை. மாரித்துக்கு எழுதினேன், வரவில்லை என்று. ஏன் என்று கேட்கிறாள். அவள் கேட்ட என்னுடைய வாசிப்பும் இப்போது ரஜீவனுடையது என்றா சொல்வது?