ஐஸ் பெட்டிக்கு அடங்கிய இதயம்

மாமா,

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக ஒருவர் சர்பத் கடை போட்டிருக்கிறார். இன்று அந்தப் பக்கம் போனபோது நன்னாரி வாசனை மூக்கில் ஏறியதும் வாய் தானாகக் கேட்டுவிட்டது: "மூஞ்சி முக்காத ஐஸ் இருக்கா அண்ணாச்சி?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விளக்கம் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். நீங்கள்தான் இல்லையே.

உங்கள் சர்பத் கடைக்கு வந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். எலுமிச்சை பிழியும்போதே உங்கள் கை நின்றுவிடும், நெஞ்சு தடதடவென்று ஓடும். உடனே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐஸ் பெட்டித் தண்ணீருக்குள் முகத்தை அமுக்குவீர்கள். ஓட்டம் டக்கென்று அடங்கிவிடும். எப்போதோ ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்த வைத்தியம்.

"பேஷியல் முடிஞ்சுதா மாமா?" என்பேன்.

"ஒன்னய முழுசாவே முக்கி எடுக்கேன், வாலே மருமவனே" என்பீர்கள், மீசையில் தண்ணீர் சொட்ட.

டம்ளரோடு நின்ற ஒருவர் பதறினார்: "ஏ, அந்தத் தண்ணியிலயா எனக்குச் சர்பத்து?"

ஊரே உங்களைத் துடிப்பான ஆள் என்றது. அந்தத் துடிப்புதான் வியாதி என்று நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா டாக்டரிடம் போகச் சொன்னால், "ஐஸுலயே நிக்கதுக்கு டாக்டரு எதுக்குக்கா?" என்று உங்கள் அக்காவின் வாயை அடைப்பீர்கள். ஐஸ் அவ்வளவு நன்றாக வேலை செய்ததுதான் வினை. கடைசி வருஷம் அது ஐஸுக்கும் மசியாமல் நாள் முழுக்க ஓடியது. ஓடவிட்டுக்கொண்டே நீங்கள் சர்பத் கலக்கினீர்கள். நாலு படி ஏற மூச்சு வாங்கிய பிறகுதான் அம்மா உங்களைத் திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இதயத்துக்குள் கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கிறது, தொடை வழியாக ஒயரை விட்டு அதைச் சுட்டுவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் ஓடி ஓடி இதயத் தசை தளர்ந்திருக்கிறது; அது தேறினால்தான் ஆள் தேறுவார் என்றும் சொன்னார்.

சுட்டு முடித்து வார்டுக்கு வந்ததும் நீங்கள் சொன்ன முதல் கதை: "சூடு வைக்கும்போது கொட்டாவியா வந்துச்சுல. பெறவு குப்புனு வேர்த்து, கண்ணு இருட்டிட்டு. யாரோ என்னய ஐஸ் பெட்டிக்குள்ள அமுக்குன மாதிரி."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் நரம்பு ஒன்று பிரேக் மாதிரி வேலை செய்யுமாம். முகத்தில் ஐஸ் பட்டால் பிடிப்பதும் அதுதான், அதன் பக்கத்தில் சுட்டபோது பிடித்ததும் அதுதான். சில நொடி இதயம் நின்றது, மருந்து கொடுத்ததும் திரும்பிவிட்டது என்றார்.

"நின்னப்ப எப்படி மாமா இருந்துச்சு?"

"சொகமா இருந்துச்சுல. கரண்டு போன தறிக்கூடம் மாதிரி. திரும்ப அடிக்க ஆரம்பிச்ச பெறவுதான் பயந்தேன்."

சுட்ட பாதை அடைபட்டுவிட்டது. தசைதான் தேறவில்லை. சில மாதங்களில் வேறோர் இடத்திலிருந்து புதிய ஓட்டம் கிளம்பியது. கடையில் முகத்தை அமுக்கினீர்கள். நான் வழக்கம்போல "பேஷ..." என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்தீர்கள். மீசையில் அதே தண்ணீர்.

"பிரேக்கு பிடிக்க மாட்டக்குல."

இது இதயத்தின் கீழறையில் கிளம்பும் ஓட்டம், அங்கே அந்த நரம்பின் பேச்சு எடுபடாது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

கடைசி நேரத்தில், ஆஸ்பத்திரியில், அம்மா மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். உங்கள் பக்கத்தில் நான் மட்டும். மானிட்டரில் அந்த ஓட்டம் நிற்கவே இல்லை மாமா. ஓடியது, இன்னும் வேகமாக ஓடியது, ஓடியபடியே கோடு கலைந்தது. நீங்கள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். என்னை வெளியே தள்ளிவிட்டு எல்லாரும் உள்ளே ஓடினார்கள்.

இப்போதும் சோறு போடும்போது அம்மா திடீரென்று கேட்பாள்: "ஏலே, எந்தம்பி அமைதியாத்தான போனான்?"

"ஆமாம்மா. தூங்குத மாதிரி."

நான் சொல்லும் எந்தப் பொய்யும் அம்மாவிடம் ஒரு நிமிஷம் தாங்கியதில்லை. இதை மட்டும் ஒவ்வொரு தடவையும் நம்பிவிடுகிறாள்.