ஒரே விசையில் துப்புரவான திரை

இன்று புதுக் கம்ப்யூட்டரைப் பொருத்த வந்தவன், தானே கண்டுபிடித்ததுபோல ஒன்றைக் காட்டினான். விண்டோஸ் விசையோடு அம்புக்குறியை அழுத்தினால், விண்டோ திரையின் பாதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. "இப்பதான் வந்த வசதி அண்ணை" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில், நாம் இருவரும் கூட்டாக நடத்திய மீன் மொத்தக்கடையின் பின்னறையில், நீ இதை எப்போதோ செய்துவிட்டாய்.

இணையத்தில் இலவசமாகக் கிடந்த சின்னப் புரோகிராம் ஒன்றை இறக்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விசை வைத்தாய். இடப்பக்கம் நமக்கு மீன் அனுப்பும் நீர்கொழும்புக்காரனின் விலை, வலப்பக்கம் கடைகளின் ஓர்டர். அதுவும் ஜெர்மனியிலிருந்து நீ தூக்கிவந்த கீபோர்டில். ஒய் இருக்கவேண்டிய இடத்தில் அதில் இசட் இருக்கும். நான் தொட்டால் எல்லாம் தலைகீழ். "மவுஸைத் தேடுறவன் மீன் விக்கக் கூடாது மச்சான்" என்று சிரிப்பாய். மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்தாய்? இன்னும் இரண்டு கடையின் ஓர்டரை எடுத்தாய்!

அன்று காலை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாய். முகமெல்லாம் வியர்வை.

"எழும்படா, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"வாயுவடா. ராத்திரிச் சாப்பிட்ட புட்டு."

"புட்டோ பூதமோ, எழும்பு!"

"ஓம், ஓம். இந்தா பார்." ஒரு விசையைத் தட்டினாய். திறந்திருந்ததெல்லாம் மறைந்து திரை துப்புரவானது. "முடிச்சிட்டன். நீ வானை எடு, வாறன்."

நம்பிப் போனேன். பின்தெருவில் நின்ற வானை வாசலுக்குக் கொண்டுவந்து ஹோர்ன் அடித்தேன். நீ வரவில்லை. உள்ளே வந்தால், இன்னொரு விசையால் எல்லாவற்றையும் திரும்ப எழுப்பியிருக்கிறாய். சட்டன் என்ற ஊரிலுள்ள கடையின் ஓர்டர் பாதியில் நின்றது. கீபோர்டின்மேல் உன் தலை. திரையில் ஒரே எழுத்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய மீனைப் புதிதென்று விற்க வந்தவனையெல்லாம் கண்ணாலேயே பிடித்தவன் நான். என்னை ஏய்த்தவன் நீ ஒருத்தன்தான், அதுவும் உன் உயிரை வைத்து. செத்தவீட்டில் எல்லோரும் "நல்ல உழைப்பாளி" என்றார்கள். என் வாயில் வந்தது வேறு. இப்போது சொல்கிறேன்: நீ மடையன். சட்டன்காரன் அடுத்த கிழமையே வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கினான். அவனுக்கு மீன் கிடைத்தது.

இன்று எனக்குப் பிரஷர் பார்க்க டாக்டரிடம் போகவேண்டும். ஓர்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. மனைவி வாசலில் நின்று, "முடிஞ்சுதோ?" என்கிறாள்.

"முடியேல்லை" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, சுவரில் கம்ப்யூட்டரின் சுவிட்சையே அமத்தி எழும்புகிறேன். உன்மேல் உள்ள கோபம் மட்டும் கூடவே வருகிறது.