மஞ்சள் கயிறு கட்டிய நாய்கள்

என் ஆசை மாமாவுக்கு,

உன் ஜீவகாருண்யச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் குன்றத்தூரிலிருந்து ஆள் வந்தது. ‘வாயில்லா ஜீவன்களுக்காக உழைத்த ஏழுமலை அவர்கள்’ என்று ஆரம்பித்துப் பார்த்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. யாரோ மூன்றாம் மனுஷனைப் பற்றி எழுதுவதுபோல இருந்தது. அதனால் உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

இந்தத் தொண்ணூற்றொன்று நமக்கு ஆகவே ஆகாத வருஷம். மாசியில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்தாய், எழுந்திருக்கவே இல்லை. அந்த பஸ் இன்னும் அங்கே நின்றுதான் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது. உன் நாய்களும் நீ சோறு போடும் நேரத்துக்குத் தவறாமல் வாசலில் வந்து நிற்கின்றன. எனக்கு நாய் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். இப்போதும் பிடிக்கவில்லை. ஆனாலும் மிச்சச் சோற்றில் கருவாட்டுத் தலையைப் பிசைந்து கொட்டி, “துன்னுட்டுத் தொலைங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.

உன்னிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்த சேதி ஒன்று உண்டு. ஆனி மாதம் நம் கோமதியை வெறிநாய் கடித்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைக் கெண்டைக்காலில் பிடுங்கிவிட்டது. அது நம் தெரு நாய் இல்லை, மண்ணூர்ப் பக்கமிருந்து ஓடிவந்தது. அன்றைக்கே அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள். பயப்படாதே, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டு முடித்தாயிற்று, பிள்ளை நன்றாக இருக்கிறாள். ஒவ்வொரு ஊசிக்கும் “அப்பா, அப்பா” என்றுதான் கத்தினாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே உன்னைக் கூப்பிட்டாள், எனக்குக் கோபம்கூட வந்தது.

பட்ட காலிலே படும் என்று ஊர் எனக்காக உச்சுக் கொட்டியது. அடுத்த வாரமே கோடிவீட்டு முனுசாமி நாலு பேரோடு வாசலுக்கு வந்துவிட்டார். தெருவில் ஒரு நாய் மிச்சமில்லாமல் பிடித்துக்கொண்டு போய்க் கொல்ல ஆள் கூப்பிட வேண்டுமாம்.

“நாங்க சொன்னா எவன் கேப்பான்? பெத்தவ நீ பஞ்சாயத்து ஆபீசுல வந்து சொன்னாத்தான் ஆள் அனுப்புவாங்க. இன்னா சொல்ற அம்சா?”

“அதுங்க இன்னா பண்ணுச்சி? கடிச்சது வேற நாய்.”

“உன் புருஷன் மாதிரியே பேசறியே! மனுசனுக்கே வழி இல்ல, நாய்க்கு ஒரு சங்கம். இப்ப அந்தச் சங்கம் வந்து உன் பொண்ணைப் பாத்துச்சா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பயந்துபோய் வாசல் தாண்டாமல் கிடக்கும் என் பிள்ளை மறுபடி தெருவில் நடக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். நாயெல்லாம் ஒழிந்தால் நடந்துவிடுவாளா? ‘இங்கே இருப்பதைக் கொன்றால் பக்கத்து ஊர் நாய் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும், ஊசி போட்டால்தான் ஊருக்குக் காவல்’ என்று நீ காது புளிக்கப் பேசியது அப்போது ஞாபகம் வந்தது. கடித்ததே வந்த நாய்தானே? நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “பெத்த மனசா இது?” என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளே குன்றத்தூருக்குப் போனேன். சங்கத்தில் நுழைந்ததும், “பொண்ணைக் கடிச்சிருக்கு, ஒருத்தர் எட்டிப் பாக்கல. ஊசியாவது போட வருவீங்களா, மாட்டீங்களா?” என்று கேட்டேன். உடனே தேதி குறித்தார்கள். ஆடி முதல் வாரம் டாக்டரம்மாவை ஜீப்பில் கூட்டி வந்தார்கள்.

ஊசி போட்ட நாய் எது, போடாதது எது என்று தெரிய அடையாளம் வேண்டும் என்றார் டாக்டரம்மா. மை தடவினால் மழையில் போய்விடும். கயிறு கட்டலாமே என்று நான்தான் சொன்னேன். ஆடி மாதத்தில் நம் ஊர்க் கடையில் என்ன கயிறு கிடைக்கும்? மஞ்சள் கயிறுதான் கட்டுக் கட்டாகத் தொங்குகிறது.

கடைக்கார அம்மா என் வெறும் கழுத்தைப் பார்த்தார். “உனக்கு எதுக்கு அம்சா மஞ்சக் கயிறு?”

“நாய்க்குக் கட்றதுக்கு.”

அவர் எடுத்துக் கொடுத்தார். கருவாட்டுச் சோற்றைக் காட்டினால் என்னிடம் எல்லாம் வந்துவிடும். டாக்டரம்மா ஊசி போடப் போட, ஒவ்வொன்றின் கழுத்திலும் நான் முடிச்சுப் போட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. தாலியறுத்தவள் நாய்க்குத் தாலி கட்டுகிறாள் என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, அவர்மேல் கை வைத்தால் ஊருக்கு ஆகாது. நான் கட்டியது வெறும் அடையாளக் கயிறு. அதில் வேப்பிலைகூட இல்லை. ஆனால் ஊர் என்ன நினைத்துக்கொண்டது தெரியுமா? நாய்களுக்கும் காப்புக் கட்டியாயிற்று என்று! யாரோ நேர்ந்துகொண்டதாகப் பேச்சு. இல்லை என்று சொல்ல நானும் போகவில்லை.

அந்த வாரம் ஒரு கல் அவற்றின்மேல் விழவில்லை மாமா. கோயில் கூழில்கூட அவற்றுக்குப் பங்கு வைத்தார்கள். அப்போது பார்த்து, சுருக்குக் கம்பியும் கூண்டு வண்டியுமாக நாய் பிடிக்கிறவர்கள் வந்து இறங்கினார்கள். நான் போகாததால் முனுசாமியே போய்க் கூப்பிட்ட ஆட்கள். நான் ஓடுவதற்குள் முனுசாமி வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்.

“யோவ், கம்பியைக் கீழ போடு! கழுத்துல காப்பு கீது, கண்ணு தெர்ல?”

“நீதானய்யா வந்து கூப்ட்ட?”

“கூப்ட்டப்போ காப்பு இல்ல. இப்ப எல்லை தாண்டுச்சின்னா ஊரு தாங்காது. வண்டியைத் திருப்பு!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீ வருஷக்கணக்காகக் கருணை, கருணை என்று தொண்டை கட்டப் பேசினாய். ‘கறி துன்னாத கட்சி’ என்று உன்னைக் கேலி செய்தார்கள். நீயோ ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோழிக் குழம்புக்கு முதல் ஆளாக உட்காருவாய். ஒரு கயிற்று முடிச்சு சாதித்ததை உன் சங்கத்துப் பேச்சு ஏன் சாதிக்கவில்லை? நம் ஊர் ஒன்றும் ஈரமில்லாத ஊர் இல்லை. வயலிலிருந்து வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தான் குடிக்கும். அந்த ஈரத்துக்குச் சங்கம் என்று பலகை மாட்டினால்தான் சிரிக்கிறது. வெளியூரிலிருந்து வந்து யாரோ தன்னைக் கொடுமைக்காரன் என்று சொல்வதாக அதற்குத் தோன்றுகிறதோ என்னவோ. உன் சங்கத்துக்காரர்கள் கோயில் ஆட்டுக்காகச் சண்டை போட்ட வருஷத்திலிருந்துதானே உன்னையும் ஒதுக்கினார்கள்? இந்த வருஷமும் ஆடு வெட்டினார்கள். நான் தடுக்கவில்லை. பயத்தில் காட்டுகிற இரக்கம் இரக்கமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை மாமா. வண்டி காலியாகத் திரும்பிப் போனது, அது மட்டும் தெரியும்.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் நாள் வந்தது. அவிழ்த்துவிட்டால் வண்டி மறுபடி வரும். எல்லோருக்கும் அவிழ்த்து முடித்த பூசாரி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கூப்பிட்டார்.

“நாய்ங்களுக்குக் கட்னவ நீதானே? கட்ன கைதான் அவுக்கணும். வா.”

நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

“உங்க எல்லார் எதிர்லயும் என் கழுத்துல ஒண்ணை அவுத்தீங்க. நானும் கழுத்தைக் குடுத்துக்கினு குந்தினு இருந்தேன். இனிமே என் கையால ஒரு மஞ்சக் கயித்தையும் அவுக்க மாட்டேன் பூசாரி.”

முனுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பூசாரி, “சரி, அதுங்க கட்டிக்கினே கெடக்கட்டும்” என்றார். ஊர் அதற்குத் தலையாட்டியது.

அடுத்த ஆடிக்கும் டாக்டரம்மாவைக் கூட்டி வருவேன். ஊசி போட்ட ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே கட்டுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ கட்டியதை அவர்கள் அவிழ்த்த பிறகும் உன் பெண்டாட்டியாகவே இருக்கிற,
அம்சா