ஹாட்லாக்கின் கதவும் பழைய பாதையும்

அன்புள்ள டெல்பர்ட்,

உன் முழங்கால் வலி தணிந்ததா? டென்வரில் குளிர் குறைந்ததா? நான் நலம்.

நேற்று சில்வர் ஃபோர்க் ஊருக்கு மோட்டார் சைக்கிளில் மலையேறிப் போனேன். என்னிடம் இருக்கும் நூறு வருடப் பழைய புகைப்படத்தில், கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை போகிறது. இன்று அதன் குறுக்கே, பக்கத்து நிலத்துக்காரர் வான்ஸ் ஹாட்லாக் இரும்புக் கதவு போட்டிருக்கிறார். ஊர்க்காரர்கள் தங்கள் கல்லறைகளுக்குப் போக முடியவில்லை. அது பொதுப்பாதை என்று திங்கட்கிழமை நீதிமன்ற விசாரணையில் காட்ட, அதே இடத்தில் நின்று எடுத்த புதுப்படம் வேண்டும்.

படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஹாட்லாக் நாயோடு வந்தார்.

“ஏம்மா, வண்டியத் திருப்பு. இது என் எடம்.”

“இந்தப் படத்துல சவ வண்டி போகுதே, பாருங்க.”

“அது இந்த ஊரே இல்ல. பேப்பர்காரங்க எந்தக் குப்பையையும் தூக்கிட்டு வருவீங்க.”

பழைய படத்தை மலைமுகட்டுக்கு நேராகப் பிடித்தேன். கட்டடங்கள் போய்விடும், முகடு மாறாது. படத்தில் முகட்டிலிருந்த மூன்று பிளவுகளும் எதிரே இருந்த மலையோடு பொருந்தின. அவர் பார்த்தார். உடனே என் வண்டியிலிருந்த சாவியை உருவி ஓடையில் எறிந்தார்.

“நடந்தே போ. எழுதுறதுக்கு நெறைய கெடைக்கும்.”

நடந்தே திரும்பினேன். இறக்கம்தான், கவலைப்படாதே.

மாற்றுச் சாவியை அனுப்பு. கம்பளிக் காலுறையும். இரண்டு வரியாவது எழுது. ஹாட்லாக்குக்குப் பயந்து இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை.

புதுப்படங்கள் உள்ள கேமரா மெமரி கார்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்தால் திங்கள்வரை தங்காது, அவர் பிடுங்கிவிடுவார். நீயே ஊர்க்காரர்களின் வழக்கறிஞரிடம் கொடு. கடைசிப் படத்தில் ஹாட்லாக் கதவின் முன் என் சாவியை எறியக் கையை ஓங்கி நிற்கிறார். அவரைப் படத்திலிருந்து வெட்டிவிட வேண்டாம் என்று சொல்.

தபால் வண்டி வந்துவிட்டது.

மார்லிஸ்