நாணல் மண்ணில் நான்கு மடங்கு தழைச்சத்து

அனுப்புநர்:
மண்ணியல் ஆய்வு மாணவி,
ஆற்றோர ஆய்வுத் திடல்.

பெறுநர்:
உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
ஆற்றுப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: திடல் காவலருக்குக் கழிப்பறை கோருதல்; எனது முந்தைய மனுவின் ஒரு வரியைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வயலில் போடும் உரத்தின் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மழைநீரோடு ஆற்றுக்கு வருகிறது. கரையோர ஈரமண்ணின் நுண்ணுயிரிகள் அதில் ஒரு பங்கை வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. நாணல், புதர், மரங்கள் என மூன்று பகுதிகளில் எந்த மண் இதை நன்றாகச் செய்கிறது என்று மூன்று ஆண்டுகளாக அளந்து வருகிறேன்.

2. ஆடுகள் புகுந்து அளவுக் குழாய்களைச் சாய்த்ததால், காவலர் ஒருவர் வேண்டுமென்று சென்ற ஆண்டு மனு அளித்தேன். தாங்களும் ஒருவரை நியமித்தீர்கள். அதன்பின் ஓர் ஆடும் வரவில்லை. ஆனால் நாணல் மண்ணில் தழைச்சத்து நான்கு மடங்கு ஏறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் இது புதிய நுண்ணுயிரியின் வேலை என்றே முடிவு கட்டி, மாநாட்டுக்கும் எழுதிப் போட்டுவிட்டார்.

3. சென்ற வாரம் காலையில் சொல்லாமல் போய் நின்றேன். மேற்படி நுண்ணுயிரி காக்கிச் சட்டையில், எனக்கு முதுகைக் காட்டி, நாணலுக்குள் நின்றிருந்தது. வேலியே பயிரை மேயும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உரமும் போடும் என்று அன்றுதான் கண்டேன்.

4. அவர்மீது குற்றமில்லை. கழிப்பறை உள்ள பேருந்து நிலையம் அரை மணி நடை. "காவலர் எக்காரணம் கொண்டும் இடத்தை விட்டு அகலக் கூடாது" என்று மனுவில் எழுதியவள் நானே. அதன் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டி, "நீங்க சொன்னதுதானேம்மா" என்றார். வெட்கமாகப் போயிற்று. அந்த வரி இனி வேண்டாம் என்றேன். மேலதிகாரி கையெழுத்தில்லாமல் செல்லாது என்றார்.

5. எனினும் காவலர் விவரம் அறிந்து மிகவும் வருந்தினார். நாணலுக்கு மட்டும் ஓரவஞ்சனை கூடாதென்று, வாரம் ஒரு பகுதி என முறை வைத்துவிட்டார். இந்த வாரம் புதர். மரங்கள் நிற்கும் பகுதி மட்டுமே கெடாமல் இருக்கிறது. அதன் முறை வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது.

6. இரண்டு மாதத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் என் பதிவு ரத்தாகும். மூன்று ஆண்டு உழைப்பும் போகும். எனவே திங்கட்கிழமைக்குள் தற்காலிகக் கழிப்பறை ஒன்றும், மேற்படி வரியை நீக்கித் தங்கள் கையெழுத்துடன் ஓர் ஆணையும் அருள வேண்டுகிறேன். காவலரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். இவ்வளவு கடமை உணர்ச்சி உள்ளவர் கிடைப்பது அரிது.

இடம்: ஆற்றங்கரை
நாள்: 14.03.2019

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஆய்வு மாணவி

சாட்சி: (கையொப்பம்) திடல் காவலர்

குறிப்பு: காவலர் இம்மனுவைப் படித்து, அனைத்தும் உண்மையென ஒப்புக்கொண்டே கையெழுத்திட்டார். போட்ட கையோடு அவசரமாகப் புதர்ப் பக்கம் போயிருக்கிறார். தங்கள் உடனடி நடவடிக்கைக்கு நாங்கள் இருவருமே காத்திருக்கிறோம். அவரால் அதிக நேரம் முடியாது.